சாது

(மல்லசமுத்திரத்தில் நூலக வாசகர்கள் கூட்டிய மாலைக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

கரண்ட் போனால் போகட்டும், பயப்படாதீர்கள். மாட்டுக் கொட்டகையில் பேசிப் பழகிய தொண்டை, மைக் இல்லாமலும் கடைசி வரிசை வரை கேட்கும்.

நாய்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சாது. "கடிக்குமா?" என்று நான் கேட்பதற்கு முன்பே, நாயைக் கொண்டுவருகிறவர் சொல்லிவிடுவார்: "ரொம்பச் சாதுங்க டாக்டர்." அதைக் கேட்டால் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, பல வருஷம். ஊசி போடுகிறவனுக்குச் சாதுவான நாயை விட வேறு என்ன வேண்டும்?

நான்கு வருஷத்துக்கு முன் இந்த ஊர்த் தறிப்பட்டறைக்காரர் வீட்டுப் பையன் ஒரு லேப்ரடாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். நடத்திக்கொண்டு வரவில்லை, தூக்கிக்கொண்டுதான் வந்தான். வெல்ல நிறம், பெட்டை, ஆறு வயது இருக்கும். குட்டி வாங்கப் போன இடத்தில் தாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். காட்டமாட்டேன் என்றிருக்கிறார்கள். பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தவனிடம், "ஈத்து கொறஞ்சு போச்சுங்க, வேணும்னா இதைச் சும்மாவே எடுத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர், யார் என்பது இங்கே வேண்டாம். அப்படிப்பட்ட கொட்டகை ஒன்றே ஒன்றுதான் இருந்தால் நான் இன்று பேச வந்திருக்கவே மாட்டேன்.

மேசை மேல் வைத்தோம். நகம் வளர்ந்து வளைந்து உள்ளங்கால் சதையில் குத்தியிருந்தது. கம்பித் தரையிலேயே நின்று நின்று விரல்கள் விரிந்துபோயிருந்தன. இரண்டு முழங்கையிலும் காய்ப்பு. பால் மடி தரையைத் தொடுகிற மாதிரித் தொங்கியது, அதில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. பற்களில் பாதி இல்லை, கம்பியைக் கடித்துக் கடித்துப் போனவை. காதுக்குள் சீழ். அந்தக் காதைத் திறந்து சுத்தம் செய்தேன். எந்த நாயாக இருந்தாலும் கத்தும், தலையை உதறும், குறைந்தபட்சம் நகரும். இது நகரவில்லை. கண் மட்டும் சுவரைப் பார்த்தபடி இருந்தது. பையன் பெருமையாகச் சொன்னான்: "பாத்தீங்களா சார், எவ்வளவு சாது!"

அன்றைக்குத்தான் அந்தச் சொல் என் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்குக் கூண்டு என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. முன் வரிசையிலேயே இரண்டு பண்ணைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு கோழி எத்தனை வாரத்தில் முட்டைக்கு வரும், எப்போது முட்டை குறையும், எப்போது கறிக்கு ஏற்ற வேண்டும் என்பது உங்களுக்கு விரல் நுனியில் இருக்கும் கணக்கு. அதே கணக்கை ஒரு நாய்க்குப் போட்டால் வருவதுதான் குட்டிக் கொட்டகை. பெட்டை நாய் சுமார் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் இரண்டே மாதம். ஒவ்வொரு பருவத்தையும் விடாமல் பயன்படுத்தினால் வருஷத்துக்கு இரண்டு ஈத்து எடுத்துவிடலாம். வித்தியாசம் ஒன்று உண்டு. கோழிப்பண்ணையை யாரும் ஒளித்து நடத்துவதில்லை. இதில் குட்டி மட்டும் துடைத்து, பவுடர் போட்டு, கூடையில் முன்னால் வரும். தாய் பின்னாலேயே இருக்கும்.

இங்கே கொஞ்சம் பழைய கதை. 1964-இல் ரூத் ஹாரிசன் என்ற அம்மையார் கூண்டுக் கோழிகளையும் அடைத்து வளர்க்கும் கன்றுகளையும் பற்றி இங்கிலாந்தில் ஒரு புத்தகம் எழுதினார். ஊரே கொதித்தது. அரசாங்கம் பிராம்பெல் என்ற பேராசிரியர் தலைமையில் குழு போட்டது. 1965-இல் அந்தக் குழு சொன்னது மிகச் சின்ன விஷயம்: ஒரு விலங்கு எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்ய, கைகால் நீட்ட முடிய வேண்டும். இந்த ஐந்திலிருந்து வளர்ந்து வந்தவைதான் பின்னால் ஐந்து சுதந்திரங்கள் என்று பெயர் பெற்றன. நம்முடைய ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் எழுதிய தீர்ப்பிலும் அவை வருகின்றன. அந்தத் தீர்ப்பைப் பற்றி நாம் எல்லோரும் சண்டை போட்டோம், அந்த ஐந்து வரியை எத்தனை பேர் படித்தோம் என்று தெரியவில்லை. கோழிக்காகப் பிறந்த கேள்வி காளை வரை வந்துவிட்டது. நம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அதை நாய்க்கு மட்டும் கேட்கிறேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் கூசத்தான் செய்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-இல் நாய் இனப்பெருக்க விதிகள் வந்தன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் குட்டி எடுத்து விற்கக் கூடாது. பெட்டைக்குப் பதினெட்டு மாதம் ஆகாமல் சேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. குட்டி வாங்கப் போகிறவர்கள் பதிவுச் சான்றைக் கேளுங்கள், தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் வண்டியைத் திருப்புங்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் இதையே சட்டமாக்கினார்கள். லூசி என்ற சின்ன ஸ்பேனியல் பெட்டை 2013-இல் வேல்ஸ் பகுதிக் கொட்டகை ஒன்றிலிருந்து முதுகு வளைந்து, முடி உதிர்ந்து மீட்கப்பட்டது. 2016-இல் இறந்துபோனது. அதன் பெயரால் 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, குட்டியைத் தாயோடு இருக்கும் இடத்தில் வளர்த்தவரே நேரில் விற்க வேண்டும். இடையில் கடைக்காரர் கிடையாது.

நம் பக்கத்தில் ஆசை எப்படி வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2003-இல் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் ஒரு பையன் பின்னால் ஒரு பக் நாய் போனது, ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு மூச்சு விடத் திணறும் பக் நாய்களைத் தொடர்ந்து பார்த்தேன். 2016-இல் வெளிநாட்டு நாய்களை வியாபாரத்துக்கு இறக்குமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. ஆசைக்குக் கட்டுப்பாடு இல்லாததால் உள்ளூர்க் கூண்டில் இருக்கும் பெட்டையின் மேல்தான் அந்தச் சுமை இறங்கியது என்பது என் கணிப்பு. தமிழில் பேசி வந்த '777 சார்லி' படத்தை நிறையப் பேர் பார்த்து அழுதிருப்பீர்கள். அதுவும் இப்படி ஓர் இடத்திலிருந்து தப்பி வந்த லேப்ரடார்தான். படம் முடிந்ததும் எனக்கு வந்த போன், "சார், அந்த மாதிரி ஒரு குட்டி எங்க கெடைக்கும்?"

சரி, சாதுவுக்கு வருகிறேன்.

2011-இல் அமெரிக்காவில் மெக்மில்லன், டஃபி, செர்பெல் என்ற மூவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குட்டிக் கொட்டகைகளில் தாயாகவும் தந்தையாகவும் வைத்திருந்து பின்னால் வீடுகளுக்குப் போன 1,169 நாய்கள் ஒரு பக்கம், சாதாரணமாக வீட்டில் வளர்ந்த 332 நாய்கள் இன்னொரு பக்கம். கொட்டகை நாய்களுக்குப் பயம் அதிகம், தொட்டால் ஒடுங்குவது அதிகம், வீட்டுக்குள் அசுத்தம் செய்வது அதிகம், வெறுமனே எங்கோ வெறித்துப் பார்ப்பது அதிகம். எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்று: அந்நியர் மேல் பாய்வது, மற்ற நாய்களோடு சண்டை போடுவது, இவையெல்லாம் வீட்டு நாய்களை விடக் குறைவு. சுறுசுறுப்பும் குறைவு. நம் பையன் சொன்னதை ஆயிரம் நாய்களை வைத்து எண்ணிக் காட்டிவிட்டார்கள். ரொம்பச் சாது.

அந்தச் சாதுத்தனம் எங்கிருந்து வருகிறது? 1967-இல் பென்சில்வேனியாவில் செலிக்மன், மேயர் என்ற இரண்டு இளைஞர்கள் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் சோதனை செய்தார்கள். கொடுமையான சோதனை, இன்றைக்கு யாரும் சுலபத்தில் அனுமதி தரமாட்டார்கள். ஒரு கூட்டம் நாய்களால் மூக்கால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்த முடியும். இன்னொரு கூட்டத்துக்கு, என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லாவற்றையும் ஒரு குட்டைத் தடுப்பு உள்ள பெட்டியில் விட்டார்கள், தாண்டினால் தப்பிக்கலாம். முதல் கூட்டம் தாண்டியது. இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு வாங்கிக்கொண்டன. கையாலாகாமையைக் கற்றுக்கொண்டன என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், பாடப் புத்தகமெல்லாம் ஏறியது. ஐம்பது வருஷம் கழித்து, 2016-இல், அதே இருவரும் மூளை ஆராய்ச்சிகளைப் பார்த்துவிட்டு, நாங்கள் சொன்னது தலைகீழ் என்று எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் சுருண்டு கிடப்பது உடம்பின் இயல்பான நிலை, அதைக் கற்கத் தேவையில்லை. 'நான் ஏதாவது செய்தால் மாறும்' என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இது பெரிய வெளிச்சம். மீட்டு வந்த நாய்க்கு நாம் அன்பு கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அது கற்க வேண்டியது வேறு: தான் வேண்டாம் என்றால் எதிரில் இருப்பவர் நிறுத்துவார் என்பதை. அதனால் முதல் மருந்து, உங்கள் கையை எடுங்கள்.

அதற்கு முன் உடம்பைப் பார்க்க வேண்டும், அதில் சமரசம் இல்லை. இரத்தப் பரிசோதனை, உண்ணிக் காய்ச்சல், குடற்புழு, கருப்பையில் சீழ் இருக்கிறதா என்று ஸ்கேன். இனப்பெருக்கக் கொட்டகையிலிருந்து வருவதால் புரூசெல்லா சோதனையும் முக்கியம், அது மனிதருக்கும் ஒட்டக்கூடியது. முடிவு வரும் வரை வீட்டு நாயோடு சேர்க்காதீர்கள், கை கழுவாமல் எதையும் தொடாதீர்கள். உள்ளூரில் முடியாததற்கு லத்துவாடியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1985-இலிருந்து. வலி இருக்கும் நாய்க்குத் தைரியம் சொல்லிக் கொடுக்க முடியாது. இந்த நாய்க்குப் பல் பிடுங்கி, உடம்பு தேறியதும் கருப்பையையும் கட்டியையும் எடுத்தோம். அத்தோடு என் கத்தி வேலை முடிந்தது, கஷ்டமான வேலை அந்த வீட்டுக்குப் போனது.

பையன் அதற்குப் பெல்லா என்று பெயர் வைத்தான். நல்ல பையன், அதனால்தான் தொந்தரவு. இரவு பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். நாய் மூலையில் ஒட்டிக்கொண்டு உதட்டை நக்கும், கொட்டாவி விடும், கண் ஓரத்தில் வெள்ளை தெரியும். "தூக்கம் வருதுங்க அதுக்கு" என்றான். தூக்கம் இல்லை, கண்ணு, பயம். குளிப்பாட்டினான், போட்டோ எடுத்தான், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தொடச் சொன்னான். மூன்று வாரமாகியும் நாய் அவன் எதிரில் ஒரு வாய் சாப்பிடவில்லை, இரவில் யாரும் இல்லாதபோது சாப்பிடும்.

அந்த வீட்டில் ஓர் ஆத்தா இருந்தார். எண்பதுக்கு மேல். நாய் என்றாலே பிடிக்காது. "வீட்டுக்குள்ள என்ன நாயி?" என்று தினமும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத் திண்ணையில் நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கல்லக்காய் உரிப்பார். பெல்லா என்று வாயில் வராது, வெல்லம் என்பார். உரிக்கும்போது சொத்தை வந்தால் பின்னால் வீசுவார், நாய்க்கு என்று இல்லை, குப்பைக்கு. ஒரு வாரத்தில் நாய் மூலையை விட்டு எழுந்து வந்து அதைப் பொறுக்க ஆரம்பித்தது. அடுத்த வாரம் ஆத்தாவுக்கு இரண்டடி பின்னால் படுத்துக்கொண்டது. பையன் எனக்குப் போன் செய்து, "நான் என்ன பாவம் செஞ்சேன் சார்?" என்று அழாத குறையாகக் கேட்டான்.

அமெரிக்காவில் பயந்த நாய்களுக்கென்று பயிற்சியாளர்கள் என்னென்னவோ சொல்லிக்கொடுப்பதை ஆத்தா பயிற்சி இல்லாமலேயே பெரும்பாலும் செய்துவிட்டார். பக்கவாட்டில் அல்லது முதுகு காட்டி உட்காருவது. கண்ணுக்குக் கண் பார்க்காதது. கை நீட்டாதது. தீனியைக் கையில் வைத்து அருகில் இழுக்காமல் நாய்க்குப் பின்னால் போடுவது. இந்தக் கடைசி விஷயம் நுணுக்கமானது. கையில் தீனியை நீட்டினால் பசி முன்னால் தள்ளும், பயம் பின்னால் இழுக்கும், நாய் கழுத்தை மட்டும் நீட்டிக் கிழிபடும். தீனி பின்னால் விழுந்தால் விலகிப் போவதற்கே கூலி கிடைக்கிறது. விலகலாம் என்று தெரிந்த பிறகுதான் நெருங்கி வரும்.

ஒன்று திருத்த வேண்டியிருந்தது. சொத்தைக் கல்லக்காயில் பூஞ்சை நச்சு இருக்கும். அஃப்ளாடாக்சின் என்றால் பண்ணைக்காரர்கள் இங்கே தலையாட்டுவீர்கள், தீவனத்தில் வந்து எத்தனை கொட்டகையைக் காலி செய்திருக்கிறது! நாயின் ஈரலையும் அது விடாது. ஆத்தாவிடம் சொன்னேன், வேகவைத்த முட்டையைச் சின்னத் துண்டாகப் போடச் சொன்னேன். "முட்டையவா? நாய்க்கா?" என்றார். போட்டார்.

தரை ஒரு தனிக் கதை. கம்பியிலும் சிமெண்டிலும் வாழ்ந்த கால்களுக்கு மண் தெரியாது. முதல் நாள் வாசலில் விட்டபோது சுடுதரையில் நிற்பதுபோல ஒவ்வொரு காலாகத் தூக்கியது. படி ஏறத் தெரியாது. கூண்டில் படுத்த இடத்திலேயே போய்ப் பழகியதால் மூத்திரம் எங்கே போவது என்ற கேள்வியே அதற்கு இல்லை. அதட்டினால் ஒளிந்து போகும், அவ்வளவுதான் நடக்கும். எழுந்ததும், சாப்பிட்டதும், இரண்டு மணிக்கொரு தடவையும் ஒரே இடத்துக்கு, முடிந்தால் தைரியமான இன்னொரு நாயோடு. ஒரு நாயின் பயத்தை இன்னொரு நாய் குறைக்கிற மாதிரி நம்மால் முடியாது. பக்கத்து வீட்டு நாட்டு நாய் ஒன்றுதான் இதற்கு மண்ணில் புரளக் கற்றுக்கொடுத்தது.

தறிச் சத்தம் கெடுதல் செய்யும் என்று பயந்தேன். இல்லை. ஒரே சீராக ஓடும் சத்தத்தில் நன்றாகத் தூங்கியது. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் துள்ளி எழுந்து நடுங்கும். திடீரென்று மாறுவதுதான் பயம். ஆகவே தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே என்னைப் போன்றவர்களிடம் வாருங்கள், பதற்றத்தைக் குறைக்க மருந்து இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. வெடி வெடிக்கும் நாளில் வந்து ஊசி போடச் சொல்லாதீர்கள்.

வெளியே கூட்டிப்போகும்போது கழுத்துப் பட்டை மட்டும் போதாது, நெஞ்சைச் சுற்றிய பட்டையும் சேர்த்து இரண்டு கயிறு. பயந்த நாய் பின்னால் இழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடும், போர்வெல் ரிக் வண்டி ஓடும் ரோடு இது. தப்பிவிட்டால் ஊரைக் கூட்டித் துரத்தாதீர்கள். தெரிந்த ஒருவர் மட்டும் தரையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

எல்லா நாயும் தேறிவிடுமா? குட்டி மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரத்துக்குள் மனிதரைப் பழக வேண்டும். 1961-இல் வந்த ஓர் ஆய்வில், பதினான்கு வாரம் வரை மனிதரே படாமல் வளர்ந்த குட்டிகளைப் பிறகு எவ்வளவு முயன்றும் முழுதாகப் பழக்க முடியவில்லை. இன்னொரு பக்கம், அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் மறுவாழ்வு மையம் மிக மோசமாகப் பயந்த 441 நாய்களுக்குப் பயிற்சி கொடுத்து 2022-இல் கணக்குச் சொன்னது. நூற்றுக்கு 86 தேறி வெளியே போயின. மீதி பதினான்கைப் பற்றி யாரும் கைதட்டுவதில்லை. வாசலைத் தாண்டாமல், ஒரே ஒரு மனிதரோடு மட்டும் வாழ்ந்து முடிக்கும் நாய்களும் உண்டு. அது தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். கூண்டை விட அந்த வாசல் பெரியது.

வெல்லம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதினோரு மாதம் கழித்து ஓர் இரவு ஒன்பதரைக்குப் பையன் போன் செய்தான். குரலில் பதற்றம். ஆத்தா போட்ட முட்டையைத் தின்றுகொண்டிருந்தபோது இவன் பக்கத்தில் போய்த் தலையைத் தடவியிருக்கிறான். பல் பாதி இல்லாத வாயைத் திறந்து அவனைப் பார்த்து உறுமியிருக்கிறது.

"நல்லாத்தானே சார் இருந்துது? ரொம்பச் சாதுவா இருந்த நாயி!"

"நீ என்ன செஞ்சே?"

"பயந்து கைய எடுத்துட்டனுங்க."

"அது என்ன செஞ்சுது?"

"திரும்பித் திங்க ஆரம்பிச்சிருச்சுங்க."

திட்டாதே, அடிக்காதே, சாப்பிடும்போது யாரும் கிட்டப் போகவேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். மறுநாள் காலையில் ஆட்டையாம்பட்டியில் வண்டியை நிறுத்தி ஒரு கிலோ முறுக்கு வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். எதற்கு டாக்டர் இனிப்பு காரமெல்லாம் என்று ஆத்தா கேட்டார். வெல்லம் பேசிருச்சாம்ல, ஆத்தா, என்றேன். திண்ணையில் கால் நீட்டிப் படுத்திருந்த நாய் என்னைப் பார்த்தது, எழுந்தது, ஊசிக்காரன் என்று தெரிந்துகொண்டு, நிதானமாக, வீட்டுக்குள் நடந்து போய்விட்டது.